காசிராஜன் தோற்ற ஆட்டங்கள்

காசிராஜன் அண்ணனிடம் செஸ்ஸில் தோற்பது எனக்குப் பழகிப்போன விஷயம். அவரை முதல்முறை ஜெயித்த அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவள், கடைக் கல்லாவில் உட்கார்ந்து போனையே வெறித்துக்கொண்டிருந்தேன். மனிதர் இப்படி ஆடுகிற ஆள் இல்லையே. வெல்லம் கேட்டு நின்ற ஒரு அம்மாவுக்குச் சர்க்கரையை நிறுத்துப் போட்டுவிட்டேன்.

எங்கள் மளிகைக்கடை பாலவனத்தம் மெயின் ரோட்டில் இருக்கிறது. வீட்டுக்காரர் ராம்குமார் சரக்கு எடுக்க விருதுநகர் போய்விட்டால் கல்லா என்னுடையது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பிடித்த செஸ் பைத்தியம், கல்யாணத்தில் விட்டுப்போய், போன் வந்ததும் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. "சுபத்ரா போனுக்குள்ளயே குடியிருக்கா" என்று தெருவில் பேசுவார்கள். பேசட்டும். காலை முதல் மிளகாய் வத்தல் நிறுத்துப் போடுகிறவளுக்கு மத்தியானம் ஒரு குதிரையை நகர்த்தக்கூட உரிமை இல்லையா என்ன?

காசிராஜன் அண்ணன் எங்கள் பிள்ளை கிருஷ்ணப்ரியாவைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வேன் டிரைவர். குமாரலிங்கபுரம் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, எங்கள் கடைக்கு எதிரே நின்று, அருப்புக்கோட்டை போவார். ஒருநாள் கடலை மிட்டாய் வாங்க வந்தவர், கல்லாவுக்கு மேலாக என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, அந்தக் குதிரையத் தொடாதீக, யானை போயிரும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! உம்ம வேலையைப் பாரும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே குதிரையை நகர்த்தினேன். அடுத்த நகர்த்தலில் என் யானை போய்ச் சேர்ந்தது. அண்ணன் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

அவருக்குத் திருச்சுழிக்கு அந்தாண்டை ஒரு கரிசல்காட்டு ஊர். மழை பார்த்த வருஷம் பருத்தி, பார்க்காத வருஷம் சீமைக் கருவேலம். அப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டு சின்ன வயதிலேயே லாரிக்குக் கிளீனராகப் போனவர், பிறகு டிரைவராகிக் கரி மூட்டை லோடு அடித்தார். லோடு கிடைக்கும் வரை ஷெட்டில் காத்துக்கிடந்த நாட்களில், வடக்கத்தி டிரைவர் ஒருவர் தார்ப்பாயில் கட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்த ஆட்டம் இது. பாஷை தெரியாத இரண்டு பேர் ஆடி ஆடியே சிநேகமானார்களாம். மகள் பிறந்ததும், "ராத்திரி லோடு வேணாம், பிள்ளை முகத்தையாவது பாருங்க" என்று மனைவி தங்கச்செல்வி மறித்ததால் ஸ்கூல் வேனுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அதைச் சொல்லும்போது மட்டும் மீசையைத் தடவிக்கொள்வார். முன் சீட்டில் எந்தப் பிள்ளையையும் உட்கார விடமாட்டார். அழுது புரண்டாலும் சரி, ஸ்கூல் கரெஸ்பாண்டன்ட் பேரப்பிள்ளையானாலும் சரி, பின்னால் போ என்பார்.

இவரைப் பற்றி நான் பேசிப் பேசித்தான் மாதவன் எங்களை எல்லாம் ஒன்று சேர்த்தான். மாதவன் இந்த ஊர்ப் பையன்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, வீட்டில் இருந்தே பார்க்கிறான். சும்மா சிநேகத்துக்கு ஆன்லைனில் ஒரு போட்டி வைப்போம் என்று ஆரம்பித்து அதற்கு 'மானாவாரிக் கோப்பை' என்று பேரும் வைத்தான். கோப்பை என்று ஒன்று கிடையாது, பேர் மட்டும்தான். வீரசோழனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சாகுல் பாய், அருப்புக்கோட்டை வாத்தியார் ஒருவர், மெடிக்கல் ஷாப் பாண்டிராஜ், நான், அண்ணன் என்று ஒரு டஜன் பேர் சேர்ந்தோம். மத்தியானங்களில் அவரவர் நேரம் பார்த்து ஆடிக்கொள்வோம். அண்ணன் பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஆடுவார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் போனில் கூடுவோம். மாதவன் அந்த வாரத்து ஆட்டங்களைத் திரையில் ஓட்டிக் காட்டுவான். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம். தோற்றவர்தான் முதலில் பேச வேண்டும். ஆட்டம் எந்த இடத்தில் கைவிட்டுப் போனது என்று அவரே தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை ஜெயித்தவர் மூச்சுவிடக் கூடாது. இது இல்லாவிட்டால் சாகுல் பாய் வாயை யார் அடைப்பது?

முதல் போட்டியில் அண்ணன்தான் ஜெயித்தார். இரண்டாவது போட்டி ஆவணியில் ஆரம்பித்தது. அதில்தான் அவர் தோற்கத் தொடங்கினார்.

தோற்பது ஒன்றும் குற்றமில்லை. அவர் தோற்ற விதம்தான் விசித்திரம். பாதி ஆட்டம் வரை பழைய காசிராஜன்தான், ஒவ்வொரு சிப்பாயும் அளந்து வைத்தது போல நிற்கும். திடீரென்று ராணியைக் கொண்டுபோய் எதிராளியின் வாயில் வைத்துவிடுவார். என்னோடு ஆடியதிலும் அதுதான் நடந்தது. மூலைவாட்டில் பாயும் என் மந்திரி ஒன்று ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் பாதையில் நேராக ராணியை வைத்தார். பொறி ஏதும் இருக்கிறதோ என்று நான் நெடுநேரம் யோசித்தேன். ஒரு பொறியும் இல்லை. எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோற்றவர் என்ற முறையில் அவர்தான் முதலில் பேசினார்.

"தங்கச்சி நல்லா ஆடுனாக. எனக்கு ஒண்ணுதான் புரியல. அந்த மந்திரி எங்க இருந்து வந்துச்சு?"

"எங்கருந்தும் வரலைண்ணே, அது அங்கனயேதான் இருந்துச்சு. குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருந்துச்சே!" என்றேன்.

"அப்படியா?" என்றார். அந்த 'அப்படியா' எனக்குப் பிடிக்கவில்லை. கேலி இல்லாத, சுரத்தில்லாத குரல்.

மாதவன் ஆட்டத்தைத் திரும்ப ஓட்டினான். "அண்ணன் வெள்ளைல ஆடுன ஆட்டம் எல்லாத்தையும் பாத்துட்டேன். ராணி இருக்க பக்கத்துலதான் எப்பவும் அடி வாங்குறாரு. அந்தப் பக்கம் காவலே இல்ல."

"ஏலே மாதவா, நீ என்னத்தப் பாத்த?" சாகுல் பாய் புகுந்தார். "எங்கூட கருப்புல ஆடுனாரு. ராஜா பக்கம்தான் நான் உள்ள போனேன். யானையக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்துறேன், மனுசன் திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்ப வெள்ளைன்னா ராணி பக்கம் ஓட்டை, கருப்புன்னா ராஜா பக்கம் ஓட்டை. அண்ணே, நீங்க வீட்டை மாத்துனாலும் ஓட்டையும் கூடவே வருது போங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

போனில் ஆடும்போது நம்முடைய காய்கள் எப்போதும் கீழேதான் இருக்கும். கருப்பு கிடைத்தால் பலகையே தலைகீழாகத் திரும்பிக்கொள்ளும். வெள்ளை ஆடுகிறவருக்கு ராணி பக்கம் என்பது போனின் இடது கைப்பக்கம். கருப்பு ஆடுகிறவருக்கு ராஜா பக்கம் என்பதும் அதே இடது கைப்பக்கம்தான். என் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாதவன் சொன்னதும் சாகுல் பாய் சொன்னதும் இரண்டு இடமில்லை, ஒரே இடம். அண்ணன் தோற்ற ஆட்டங்கள் எல்லாவற்றிலும் அடி இடது பக்கத்திலிருந்தே வந்திருந்தது. வந்த அடியை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நாளைக்குக் காலையில் என் பிள்ளை இந்த மனிதரின் வண்டியில் ஏற வேண்டும்.

போனை வைத்துவிட்டுக் கிருஷ்ணப்ரியாவைக் கூப்பிட்டேன். இப்போது மூன்றாம் வகுப்பு. இரண்டு மாதமாக அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை. முன் சீட்டில் எந்தப் பிள்ளையையும் ஏற்றாத காசிராஜன் அண்ணன் அவளை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போகிறார். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன். செஸ் சிநேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

"முன் சீட்டுல என்னடி பண்ணுவ?"

"விளையாடுவோம்."

"என்ன விளையாட்டு?"

"நான் என் பக்கத்துல வாரதெல்லாம் சொல்லணும். ஆடுன்னா ஒரு மார்க்கு, பைக்குன்னா ரெண்டு மார்க்கு, ஆளுன்னா மூணு. டிரைவர் மாமா அவுக பக்கத்துல வாரத அவுக பாத்துக்குவாக. நான் நிறையச் சொன்னா கடலை மிட்டாய்."

"நீ எந்தப் பக்கம் உக்காருவ?" வேனில் டிரைவருக்கு வலது பக்கம். பிள்ளைக்கு எந்தப் பக்கம் என்று கேட்கவும் வேண்டுமா?

"இந்தக் கைப்பக்கம்" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

கடவுளே! நான் விற்ற கடலை மிட்டாய். தினமும் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவாரே.

ராம்குமாரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு? செஸ்ஸுல தோத்தாருன்னு ஸ்கூலுக்குப் போன் போட்டுச் சொல்லப் போறியா? சிரிப்பாக. ஒரு மனுசன் பொழப்புல மண்ணைப் போடாத."

"பிள்ளைக பொழப்பு?"

"இத்தனை வருசத்துல ஒரு கீறல் உண்டா அவருக்கு?"

உண்டு. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன மாதம் கிருஷ்ணப்ரியாவுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் வேன் வந்தபோது இடது பக்கத்துக் கண்ணாடி உடைந்து ஒயரில் தொங்கியது. "கருவேலங்கிளை இழுத்திருச்சு தங்கச்சி" என்றார் அண்ணன். நானும் தலையாட்டினேன். ராம்குமாரிடம் இதைச் சொன்னதும், "நாளைக்குப் பாப்பா வண்டியில ஏற வேணாம்" என்றார்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர் மனைவியிடம் கேட்கலாமா என்றால் என்னவென்று கேட்பது? உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கண் தெரிகிறதா என்றா? என் கண்ணால் பார்த்துவிடுவது, பார்த்துவிட்டு வாயைத் திறப்பது என்று முடிவு செய்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

காலையில் கிருஷ்ணப்ரியாவைக் கடைக்குள் அவள் அப்பாவோடு உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் ரோட்டைக் கடந்தேன். எங்கள் கடைக்கு எதிர்ப்பக்கம்தான் வேன் நிற்கும். வந்து நின்றது. அங்கே காத்திருந்த இரண்டு பிள்ளைகள் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். நான் வேனின் முன்பக்கம், இடது மூலை விளக்கை ஒட்டி நின்றேன். செய்தது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அங்கே நின்றால்தான் தெரியும்.

அண்ணன் வலது பக்கம் திரும்பி எங்கள் கடையைப் பார்த்தார். ஹாரன் அடித்தார்.

"பாப்பா! நேரமாச்சுத்தா, வா!"

கடைக்குள்ளிருந்து ராம்குமார், வரவில்லை என்று கையசைத்தார். அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் முகம் செத்துப்போனது. ஒரு பிள்ளை லீவு என்பதற்கு எந்த டிரைவரும் அப்படி வெளிற மாட்டார். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். உதடு என்னவோ முணுமுணுத்தது, சாமி பேராக இருக்கும். நேராக ரோட்டைப் பார்த்தார். அந்தக் கண்களுக்கு முன்னால்தான், கை நீட்டினால் கண்ணாடியைத் தொடுகிற தூரத்தில், பச்சைச் சேலை கட்டிக்கொண்டு மனுஷி ஒருத்தி நிற்கிறேன்.

வண்டி நகர்ந்தது.

பம்பர் என் முழங்காலில் இடித்தது. "அண்ணே!" என்று கத்திக்கொண்டு இரண்டு கையாலும் வண்டியின் முகப்பில் ஓங்கி அடித்தேன். பிரேக் கிறீச்சிட்டது. உள்ளே பிள்ளைகள் அலறின. அண்ணன் தலையை வெடுக்கென்று இடது பக்கம் திருப்பினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். ஆகாயத்திலிருந்து குதித்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

இன்ஜினை அணைத்தார். இறங்கவில்லை. நான்தான் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போனேன். திட்ட வேண்டும் என்று வாயெல்லாம் வார்த்தை. அவர் ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டதைப் பார்த்ததும் பாதி போய்விட்டது.

"எப்பத்துல இருந்துண்ணே?"

"ஆடியில ஒரு நாள் தலை வெடிக்கிற மாதிரி வலிச்சுச்சு. படுத்து எந்திரிச்சேன். அதுல இருந்து இந்தப் பக்கம் இல்ல தங்கச்சி." இடது கையைத் தூக்கிக் காற்றில் தடவினார். "இருட்டு இல்ல. அந்தப் பக்கமே இல்லாத மாதிரி. திரும்பிப் பாத்தா இருக்கும். திரும்பணும்ங்கிற நினைப்புதான் வரமாட்டேங்கு."

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"போனா வண்டியில ஏறாதன்னு சொல்வாக. வண்டிய விட்டா நான் யாரு? எனக்கு வேற என்ன தெரியும்? சரியாப் போயிரும், சரியாப் போயிரும்னு..." என்று நிறுத்தினார். "அதுக்குத்தான் ஆடுனேன். அந்தப் பக்கம் திரும்பி வந்திருச்சான்னு பாக்க. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நீங்கல்லாம் சிரிக்கும்போது தெரிஞ்சுக்கிடுவேன், இன்னும் வரலைன்னு."

நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்குக் காதில் வந்து அடித்தது. இருந்தாலும் கேட்காமல் விட முடியவில்லை. "வண்டிக்குள்ள இத்தனை பிள்ளைக இருக்கே, உங்களுக்குப் பயமே இல்லையாண்ணே?"

"பயந்துதான் செத்துக்கிட்டு இருக்கேன்" என்று உடைந்து அழுதார். "பாப்பா இருக்க தைரியத்துலதான் ஓட்டுனேன். அது ஒரு நாளும் விட்டதில்ல, எல்லாத்தையும் சொல்லிரும். அது வராத அன்னைக்குத்தான் அந்தக் கண்ணாடி போச்சு. கிளையில்ல தங்கச்சி. ஒரு சைக்கிள்காரன். ஹேண்டில் பார்ல பட்டிருச்சு. அவன் விழல, சாமி புண்ணியம்."

வண்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். அதில் அவர் மகள் பின்னிக் கொடுத்த குஞ்சம் ஒன்று தொங்கியது. ராம்குமார் பள்ளிக்குப் போன் பண்ணி வேறு வண்டியை வரவழைத்தார். பிள்ளைகளை எங்கள் கடைக்குள் உட்காரவைத்து ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் பிரித்துக் கொடுத்தேன். அண்ணன் வெளியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தபடியே இருந்தார். வேற்று டிரைவர் ஒருவர் வந்து அவருடைய வண்டியை எடுத்துக்கொண்டு போகும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணில் ஒன்றுமில்லையாம். மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்து, இடது பக்கத்துக் காட்சியை வாங்குகிற இடம் செத்துப்போயிருக்கிறது. இன்னொரு அடைப்பு வராமலிருக்க மாத்திரை தருகிறோம், போனது வருவது கஷ்டம், இனி சைக்கிள்கூட ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கச்செல்வி மதினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் போனில் கூடினோம். விஷயம் அரைகுறையாக எல்லாருக்கும் எட்டியிருந்தது. அந்த வாரம் நடந்த ஆட்டங்களை ஆரம்பிக்கலாமா என்று மாதவன் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அண்ணன் குரல் வந்தது.

"தோத்தவன்தான மொதல்ல பேசணும்? நான் பேசுறேன்."

ஆடி மாதத்துத் தலைவலியிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. சைக்கிள்காரனைச் சொன்னார். ரோட்டோரம் ஒண்டி நின்று மயிரிழையில் தப்பிய ஓர் ஆட்டுக்குட்டியைச் சொன்னார். என் பிள்ளையைச் சொன்னார். "எந்த இடத்துல ஆட்டம் கைய விட்டுப் போச்சுன்னு கேட்டா, அந்தத் தலைவலிக்கு மறுநா காலைல. வண்டிச் சாவிய எடுத்தேன் பாருங்க, அங்கதான். பெறகு ஆடுனதெல்லாம் தோத்த ஆட்டம்தான். பிள்ளைக உசுரை வச்சு ஆடிட்டேன்யா."

யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடைசியில் சாகுல் பாய்தான், "காசி, போனைக் கொஞ்சம் வலது பக்கமாத் தள்ளிப் பிடிச்சு ஆடிப் பாரும்வே, பலகை முழுசாத் தெரியுதான்னு பாப்போம்" என்றார். "நாளைக்கே நம்ம ரெண்டு பேரும் ஆடுறோம்." அண்ணன் அழுகையும் சிரிப்புமாகச் சரி என்றார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. முடிந்தது, எல்லாரும் பிழைத்தோம் என்று நினைத்தேன்.

கிருஷ்ணப்ரியா என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அழுவது போல முகம் கோணியிருந்தது.

"அம்மா, டிரைவர் மாமாட்டச் சொல்லாதீங்க. திட்டுவாக."

"என்னத்தடி?"

"ஒரு நாள் நான் முன் சீட்டுல தூங்கிட்டேன்மா. ஒண்ணுமே சொல்லல. முழிச்சுப் பாத்தா ஸ்கூலு வந்திருச்சு."

போனில் மாதவன் அடுத்த ஆட்டத்தை ஓட்ட ஆரம்பித்திருந்தான். நான் பிள்ளையை இழுத்து மடியில் போட்டு இறுக்கிக்கொண்டேன். "திட்டமாட்டாகடி" என்றேன். அன்றைக்கு இடது பக்கம் ஒன்றுமே வரவில்லை என்று நம்பித்தான் அண்ணன் பள்ளி வரை ஓட்டியிருக்கிறார்.